நான் மெட்ரிக் இல்லை

"மெட்ரிக்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கும்தான். படித்து முடித்து, வேலைக்குப் போய், நாலு பேருக்கு மேலே உட்கார்ந்து அதிகாரம்கூடச் செய்கிறேன். ஆனாலும் யாராவது "எம்மவளுக்கு மெட்ரிக் கெடச்சிருச்சு" என்று லட்டை நீட்டினால், லட்டை வாயில் போட்டுக்கொண்டே மனதுக்குள் முறைப்பேன். லட்டு என்ன பாவம் செய்தது, அதனால் சாப்பிட்டுவிடுவேன்.

காரணம் இருக்கிறது. இங்கே மலேசியாவில் ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் போக இரண்டு பெரிய வழிகள். மெட்ரிகுலேஷன் கிடைத்தால் ஒரே வருஷம். விடுதி, சாப்பாடு எல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், அப்படியே வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம். கிடைக்காதவர்கள் ஆறாம் படிவத்தில் சேர்ந்து, ஒன்றரை வருஷம் மறுபடி பள்ளிச் சீருடையைப் போட்டுக்கொண்டு, எஸ்.டி.பி.எம். என்ற பரீட்சையோடு முட்டி மோதவேண்டும். எனக்கு மெட்ரிக் கிடைக்கவில்லை. என்னைவிட ஒரு மார்க்கும் கூடுதலாக வாங்காத என் வகுப்புத் தோழிக்குக் கிடைத்தது. ஏன் என்று கேட்க ஓர் ஆள் இல்லை, ஓர் இடம் இல்லை. பாடாங் மேஹா பக்கம் எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன். பிறகு கூலிம் டவுனுக்குப் பஸ் ஏறி ஆறாம் படிவம் படித்தேன். வேறென்ன செய்வது?

நன்றாகத்தான் எழுதினேன். அப்படியும் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டியலில் என் பெயர் இல்லை. அப்போதுதான் ராயுவான். மேல்முறையீட்டுக்கு மலாயில் அந்தப் பெயர். வருஷா வருஷம் தீபாவளி வருவதுபோல எங்கள் ஜனத்துக்கு ராயுவானும் வரும். தாய்மார்கள் பிள்ளைகளின் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு கட்சித் தலைவர்கள் வீட்டு வாசலில் நிற்பார்கள். அம்மாவுக்குக் கூலிம் மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வேலை முடிந்த களைப்போடு, சீருடையோடு, அவளும் போய் நின்றாள். கிடைத்துவிட்டது. கூடவே தமிழ்ப் பத்திரிகையில் படமும் வந்தது. அந்தத் தலைவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் படத்தில் அவர் சிரிக்கிறார், அம்மா கும்பிடுகிறாள்.

அப்பா அந்தத் தோட்டத்திலேயே டிராக்டர் ஓட்டுகிறவர். படத்தைப் பார்த்துவிட்டு, "எம்மவ வாங்குன மார்க்குக்கு நீ எதுக்குடி கும்புடு போட்ட?" என்றார்.  எதிர் லயத்து அத்தைதான் எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொன்னார். கோயில், மளிகைக் கடை, கல்யாணப் பந்தல், எங்கே பார்த்தாலும் ஒரே பாட்டு. "அந்தத் தலைவரு மட்டும் இல்லன்னா இவளுக்கு ஏது சீட்டு? ராயுவான்லதான கெடச்சிச்சி!" அம்மா சிரித்து மழுப்புவாள். எனக்கு அந்த அத்தையின் கொண்டையைப் பிடித்து ஆட்டவேண்டும் போலிருக்கும்.

ராயுவானில் வருகிறவர்கள் தாமதமாகத்தான் வருவார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வகுப்புகள் தொடங்கி மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அறிமுக வாரம் முடிந்து, எல்லாரும் கூட்டு சேர்ந்து, வாட்ஸ்அப் குழுக்கள் அமைத்து, கேண்டினில் யார் எந்த மேசை என்பதுகூட முடிவாகிவிட்டது. சித்தப்பாவின் காரை இரவல் வாங்கி அப்பாதான் கொண்டுவந்து விட்டார்.

பதிவு முகப்பில் ஒரு மலாய்க்கார அக்கா. எனக்குப் பின்னால் நீள வரிசை. என் கடிதத்தைப் பார்த்தார், முத்திரை குத்தினார், தலையை நிமிர்த்தாமலே, "மெட்ரிக்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. வந்ததும் வராததுமாய் இங்கேயுமா?

"புக்கான். சாயா எஸ்.டி.பி.எம்." இல்லை, நான் எஸ்.டி.பி.எம். என்று விறைப்பாகச் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து ஒரு மாதிரி பார்த்தார். "பெலும் டாப்பாட் லா? நந்தி டாத்தாங் பாலிக்." இன்னும் கிடைக்கவில்லையா, பிறகு திரும்பி வா என்று சொல்லி என்னை ஒதுக்கிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மலேசியாவில் இதைப் படிக்கிறவர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பல்கலைக்கழகங்களில் மாணவரின் பதிவு எண்ணுக்கே மெட்ரிக் எண் என்றுதான் பெயர். எந்த வழியாக வந்தவருக்கும் அதுதான் பெயர். அந்த அக்கா கேட்டது என் எண்ணை. அதை அடுத்த கட்டடத்தில் வாங்கிக்கொண்டு வந்து அவரிடம் கொடுத்தால்தான் பாடங்களைப் பதிய முடியும். நான் எந்த வழியில் வந்தேன் என்று அவர் கேட்கவே இல்லை. அதைப் பற்றி அவருக்கு என்ன அக்கறை? எனக்குத்தான் புண் இருந்தது, தொட்டதும் வலித்தது.

வெளியே வந்து அப்பாவிடம், "பாத்தீங்களாப்பா, இங்கயும் மெட்ரிக்காரவங்களுக்குத்தான் மொதல்ல. நம்மள அப்பறம் வரச் சொல்றாங்க" என்றேன்.

"உள்ள வந்தாச்சில்ல, வுடு" என்றார் அப்பா. நான் விட்டுவிட்டேன். ஒரேயடியாக விட்டுவிட்டேன். வேண்டுமென்றால் கூப்பிடட்டும், நானாகப் போய்க் கெஞ்சமாட்டேன் என்று இருந்துவிட்டேன். அம்மா கும்பிட்டது போதாதா, நானும் கும்பிடவேண்டுமா?

விடுதி அறைத் தோழி சுங்கை பட்டாணி ஊர்க்காரி, தமிழ்ப் பெண். மெட்ரிக்கில் வந்தவள். அவர்கள் ஒரு வருஷத்தில் வந்துவிடுவதால் எங்களைவிட ஒரு வயது இளையவர்கள். கதவைத் திறந்ததுமே "வாங்கக்கா" என்றாள். ஒரே வகுப்பில் படிக்கப் போகிறோம், இதில் நான் அக்காவாம்! அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் பெயிலாகிப் பின்தங்கி வந்தவள் மாதிரி காதில் விழுந்தது. போதாக்குறைக்கு அவள் கழுத்தில் பட்டையில் கோத்த ஓர் அட்டை. அறையைப் பூட்டிவிட்டு வெளியே போகிறவள் பாதி வழியில் திரும்பி ஓடி வருவாள். "ஐயோ அக்கா, மெட்ரிக் கார்ட மறந்துட்டேன்!"

அடேயப்பா, கழுத்தில் வேறு மாட்டிக்கொண்டு திரிய வேண்டுமா என்று நான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அது மாணவர் அடையாள அட்டை, எல்லாருக்கும் உண்டு, எஸ்.டி.பி.எம். பிள்ளைகள் கழுத்திலும் தொங்கியது. கோபம் இருக்கிற இடத்தில் கண் எங்கே தெரிகிறது?

கேண்டினில் மெட்ரிக் பிள்ளைகளுக்கு ஒரு மேசை. மெட்ரிக் கல்லூரியில் கிடைத்த சிநேகத்தை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எஸ்.டி.பி.எம். பிள்ளைகளுக்கு ஒரு மேசை. அங்கே எப்போதும் ஆளுக்கொரு குறை, பேச்சு ஓயாது. தொழில்நுட்பக் கல்லூரியில் டிப்ளோமா முடித்துவிட்டு நேராக இரண்டாம் ஆண்டில் வந்து இறங்கிய அண்ணன்மார் சிலர் இருந்தார்கள். அவர்கள் சாப்பிட்டதும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பகுதிநேர வேலைக்குப் போய்விடுவார்கள். நான் முறைப்படி எஸ்.டி.பி.எம். மேசைக்குத்தான் போனேன். தட்டை வைத்ததுமே கேள்வி.

"ஏன் லேட்டு? ராயுவானா?"

"ஆமா."

"யாரு ரெக்கமெண்டு?"

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. மீ கோரெங்கைப் பொட்டலமாக வாங்கி அறைக்கே கொண்டுவந்து தின்றேன்.

தோட்டத்தில் என்னை வாயாடி என்பார்கள். வகுப்பில் நான் ஊமைக்கோட்டான். பாடம் முழுக்க ஆங்கிலத்தில் ஓடியது. ஆறாம் படிவத்தில் மலாயில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியவள் நான். ஆங்கிலத்தில் படித்தால் புரியும், வாயைத் திறந்தால் வராது. கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். வருகைத் தாளில் என் பெயர் அச்சாகியிருக்காது. லேட்டாக வந்தவளுக்கு லேட்டாகத்தான் வரும் என்று நானே ஒரு நியாயம் செய்துகொண்டேன். குழு வேலையில் சேர்த்துக்கொள்கிறவர்கள் "காக், மெட்ரிக் நம்பர்?" என்று மலாயில் அக்கா போட்டுக் கேட்பார்கள். "இல்லை" என்பேன், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. அவர்களும் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார்கள். அந்த மூஞ்சியைப் பார்த்த பிறகு யார் மேற்கொண்டு கேட்பார்கள்?

ஒரே ஒரு நாள் வாயைத் திறந்தேன். சமூக மாற்றம் பற்றிய வகுப்பு. விரிவுரையாளர் ஒரு மலாய்க்கார மாது, முனைவர். திரையில் வரைபடத்தைக் காட்டி, இந்தியர்கள் எல்லாரும் நகரத்துக்குப் போய்விட்டார்கள், தோட்டங்களில் இன்று இந்தியக் குடும்பமே இல்லை என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, தூணுக்குப் பின்னாலிருந்து எழுந்துவிட்டேன்.

"அடா, டாக்டர். சாயா அடா." இருக்கிறோம் டாக்டர், நான் இருக்கிறேன்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. நான் விடவில்லை. அப்பாவின் டிராக்டர், அம்மாவை ஏற்ற லயத்துக்குள் வரும் தொழிற்சாலைப் பஸ், மழை வந்தால் ஒழுகும் கூரை எல்லாவற்றையும் மலாயிலும் உடைந்த ஆங்கிலத்திலும் கொட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். முகத்தில் கோபமா, ஆச்சரியமா, சொல்லத் தெரியவில்லை. "சரி, உட்கார்" என்றார்.  வேண்டாத வேலை, மார்க்கைக் குறைத்துவிடப் போகிறார் என்று அன்றைக்கெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும். மத்தியானம், அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தோழி கணினியில் எதையோ தட்டிக்கொண்டே, "அக்கா, எக்ஸாம் ஸ்லிப் எடுத்துட்டீங்களா? மெட்ரிக் நம்பர் போட்டா வந்துரும்லா" என்றாள்.

அவ்வளவுதான். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது பீறிக்கொண்டு வந்தது. "எல்லாமே ஒங்களுக்கு மட்டுந்தானா? மெட்ரிக் கார்டு, மெட்ரிக் நம்பரு! எஸ்.டி.பி.எம். படிச்சவங்க எல்லாம் மனுசங்க இல்லியா? எங்களுக்கு ஸ்லிப் கெடயாதா?"

அவள் வாயைப் பிளந்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, மெட்ரிக் நம்பர்னா ஸ்டூடண்ட் நம்பருக்கா! எல்லாருக்கும் உண்டு!" சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அக்கா… அப்ப ஒங்களுக்கு நம்பரே இல்லியா? அப்ப எந்தப் பாடமும் ரெஜிஸ்டர் பண்ணலியா?"

என் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. 

என்னை இழுத்துக்கொண்டு ஓடியது அவள்தான். முகப்பில் அவளே பேசினாள், மலாயில் படபடவென்று. நான் பக்கத்தில் மரம்போல நின்றேன். உள்ளே துணை டீனிடம் அனுப்பினார்கள். அவர் கணினியைப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார். கெடுவுக்குள் ஒரு பாடத்தைக்கூடப் பதியாததால், நான் இடத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டதாக அர்த்தம். அந்த இடம் காலாவதியாகப் போகிறது.

"வகுப்புக்கு எல்லாம் போனேன், டத்தோ, டாக்டர்" என்று என்னென்னவோ பட்டம் போட்டு அவரைக் கூப்பிட்டேன். அழுகையில் எதைச் சொல்கிறேன் என்றே தெரியவில்லை.

"வந்தாய் என்று யார் சொல்வார்?" அவர் கடுமையாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். உன்னைத் தெரியும், வகுப்பில் இருந்தாய் என்று விரிவுரையாளர் ஒருவர் உறுதி சொன்னால் அந்தப் பாடத்தை மட்டும் தாமதமாகப் பதியலாம். ஒரு பாடம் பதிந்தாலும் இடம் தப்பிக்கும். ஒருவரும் சொல்லாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

படியிறங்கும்போது எனக்கு அந்தப் பத்திரிகைப் படம்தான் கண்ணில் நின்றது. கும்பிட்டு வாங்கிய சீட்டை ஒரு வார்த்தைக்காகத் தொலைத்துவிட்டு எந்த முகத்தோடு லயத்துக்குள் போவேன்? அத்தைக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆகிவிடும். அம்மா கோயிலுக்குக்கூடப் போகமாட்டாள்.

கதவு கதவாகத் தட்டினோம். கணக்குப் பாடம் எடுத்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மண்டபம் நிறைய மாணவர்கள், எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். இன்னொருவர், "எங்கே உட்காருவாய்?" என்று கேட்டார். தூணுக்குப் பின்னால் என்றேன். உதட்டைப் பிதுக்கினார். மூன்றாமவர் தோழியைக் காட்டி, "இவளைத் தெரியும், உன்னைப் பார்த்த நினைவில்லை" என்றார். பொய் சொல்லவில்லை, பாவம். யார் கண்ணிலும் படக்கூடாது என்று நான்தானே பாடுபட்டேன். நன்றாகவே பலித்திருந்தது. ஆங்கிலம் எடுத்தவர் வெளிநாடு போயிருந்தார்.

மிச்சம் அந்த முனைவர் அம்மா ஒருவர்தான். "அங்க வேணாம், அவங்க என்மேல கோவமா இருப்பாங்க" என்று நான் நகரமாட்டேன் என்றேன். தோழி முதுகில் கை வைத்துத் தள்ளினாள். கதவு திறந்தது. மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"ஓ, தோட்டத்துப் பெண்!" என்றார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர் பதறிப்போய் எழுந்து வந்தார். எனக்கும் அவருக்கும் பிறகு எத்தனையோ முறை கருத்து ஒத்துப்போகவில்லை. ஆனால் என்னைத் தெரியும் என்று அன்றைக்கு அந்த வளாகத்திலேயே அவர் ஒருவர்தான் சொன்னார். அந்த அரையாண்டில் நான் எழுதியது அந்த ஒரே ஒரு தாள்.

அட்டை கையில் கிடைத்த நாளில் தோழி அதை வாங்கிப் பார்த்தாள். அழுது வீங்கிய கண்ணோடு படம். கீழே மெட்ரிக் எண் என்பதை மலாயில் சுருக்கி "நோ. மெட்ரிக்" என்று அச்சடித்திருந்தது. "பாருங்கக்கா, கார்டே சொல்லுது. நோ மெட்ரிக்காம்!" என்றாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் சொன்னாள், "ஒங்களுக்காவது எழுத வருதுக்கா. நாங்க ஒரு வருசம் கோச்சிங் மாதிரி ஓடியே வந்துட்டோம். இங்க கட்டுரை எழுதச் சொன்னா கை நடுங்குது." அவள் கண்ணும் கலங்கியிருந்தது. அவளுக்கும் நடுங்கும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

விடுமுறைக்குப் போன அன்றே வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பா முதலில் சிரித்தார். தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டு என்று ஒன்று உண்டு. அதில் பெயர் விழாவிட்டால் அன்றைய வேலை கணக்கில் வராது. "பெரட்டுக்குப் போவாம நேரா வேலக்காட்டுக்குப் போன கதையால்ல இருக்கு!" என்றார். அம்மா சிரிக்கவில்லை. மற்றவர்களைவிட அரையாண்டு தாமதமாகத்தான் நான் படிப்பை முடிப்பேன் என்று கேட்டதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"யாருகிட்டயும் சொல்லிறாத. அந்தத் தலைவரு காதுக்குப் போனா, வாங்கிக் குடுத்தத வச்சிக்கத் தெரியலன்னு சொல்வாங்க. இன்னொரு வாட்டி போயி என்னால கும்புட முடியாதுடி."

அவள் அதைச் சொன்ன குரலை என்னால் மறக்க முடியவில்லை. அதுவரை அந்தக் கும்பிடு எனக்குத்தான் வலித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் எதிர் லயத்து அத்தை வந்தார், வராமல் இருப்பாரா? மேசைமேல் கிடந்த என் அட்டையை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டினார். "மெ…ட்ரிக்." முகம் மாறியது. அவர் மகனுக்கு இரண்டு முறை போட்டும் மெட்ரிக் கிடைத்திருக்கவில்லை. நான் சீருடை போட்டுப் பஸ் ஏறியது, பத்திரிகைப் படம் எல்லாவற்றையும்விட அச்சடித்த அட்டையைத்தான் அவர் நம்பினார்; மெட்ரிக் என்றால் யாரும் வாங்கித் தராமல் கிடைப்பது என்பது அவர் கணக்கு.

"அடியே, ஒம்மவ மெட்ரிக்கா? ராயுவான்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!"

எனக்கு நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இல்லை அத்தே, நான் மெட்ரிக் இல்லை, எஸ்.டி.பி.எம். எந்த வார்த்தையால் என் சீட்டே போகவிருந்ததோ அந்த வார்த்தை. வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள் அத்தையிடம். "அவளாத்தான் போனா. யாரும் வாங்கிக் குடுக்கல."

நான் வாயை மூடிக்கொண்டேன். அம்மா அடுப்பைப் பற்றவைத்து, அத்தைக்குத் தேத்தண்ணி போடப் போனாள்.